அப்பா தொட்டதும் நின்ற கடிகாரம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். அப்பா ராமேஸ்வரத்தில் விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அல்லவா? அந்த ஓய்வில் ஒருநாள், "நீ என்னதான்டா படிக்கிறே, பார்ப்போம்" என்று எங்கள் லேபுக்கு வந்தார்.

சி ஷார்ப்பில் நான் எழுதிய மீன் ஏலக் கணக்கைக் காட்டினேன். கறுப்புக் கன்சோல் திரையின் மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஆசையாக மவுஸைப் பிடித்துத் திரையில் ஒரு கிளிக் செய்தார். கடிகாரம் நின்றுவிட்டது! "நான் தொட்டுக் கெடுத்துட்டேனா?" என்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு எதையும் தொடவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

தேடிப் பார்த்தால், தப்பு அப்பாவுடையது அல்ல. விண்டோஸ் 10 கன்சோலில் 'குவிக் எடிட்' என்ற வசதி முதலிலிருந்தே போட்டிருக்கும். கிளிக் செய்தால், எழுத்தைத் தேர்வு செய்கிறோம் என்று எண்ணித் திரையை நிறுத்திவிடும். எஸ்கேப் அழுத்தினால் மறுபடி ஓடும். இதை அணைக்க டாட்நெட்டின் கன்சோல் கிளாஸில் வழியில்லை. விண்டோஸிடமே நேராகக் கேட்க வேண்டும்.

அதற்குத்தான் 'டிஎல்எல் இம்போர்ட்'. டாட்நெட்டின் காவலில் ஓடும் நம் 'மேனேஜ்டு' கோடு, இந்த அறிவிப்பின் மூலம் 'கெர்னல்32' கோப்பில் உள்ள ஃபங்ஷன்களை அழைக்கலாம். படகு கடலுக்குப் போகுமுன் மீன்வளத்துறையில் டோக்கன் வாங்குகிறோமே, அதுபோல இங்கே முதலில் 'ஹேண்டில்' வாங்க வேண்டும். 'கெட் எஸ்டிடி ஹேண்டில்' ஃபங்ஷனுக்கு -10 கொடுத்தால் உள்ளீட்டின் ஹேண்டில் கிடைக்கும். 'கெட் கன்சோல் மோட்' இப்போதைய நிலையைச் சொல்லும். அதில் 64 மதிப்புள்ள பிட்டை நீக்கி, 128 மதிப்புள்ளதைச் சேர்த்து, 'செட் கன்சோல் மோட்' மூலம் திருப்பிக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் ஒன்று: அறிவிப்பில் டேட்டா டைப்பைத் தப்பாக எழுதினால் கம்பைலர் சொல்லாது. காவலைத் தாண்டிவிட்டால் நாமேதான் பொறுப்பு.

தடைக்காலம் முடியுமுன் அப்பாவை மறுபடி அழைத்து வந்தேன். "தொடுங்கப்பா" என்றேன். தயங்கித் தயங்கி கிளிக் செய்தார். கடிகாரம் நிற்கவில்லை. "ஓடுதுடா!" என்று சிரித்தார்.

நண்பர்களே, நம் புரோகிராமைத் தொடுகிறவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணினியைத் தொடுகிறவராக இருக்கலாம். அவர் கை பயந்து பின்வாங்கினால், திருத்த வேண்டியது அவரை அல்ல, நம் புரோகிராமைத்தான்!