டெக்சாஸில் எழுந்தருளிய மீனாட்சி

மதுரை முன்னொரு காலத்தில் கடம்பவனமாக இருந்தது. அவ்வனத்தில் எழுந்தருளியிருந்த இறைவனைப் பற்றிய செய்தி அறிந்த குலசேகர பாண்டியன், காட்டைத் திருத்திக் கோயில் எழுப்பி, அதனைச் சுற்றி நகரம் அமைத்தான் என்பது தல வரலாறு. கோயில் முதலில், நகரம் பிறகு. இன்றும் மதுரையின் வீதிகள் ஆலயத்தை நடுவாகக் கொண்டு சித்திரை, ஆவணி மூலம், மாசி என ஒன்றை ஒன்று சூழ்ந்து நிற்கின்றன. அவ்வீதிகளில் வாழும் முதியோர் காலையில் நீராடிக் கைத்தடியை ஊன்றிக்கொண்டே அன்னையின் சந்நிதியை அடைந்துவிடலாம். யாருடைய துணையும் வேண்டியதில்லை.

அதே அன்னை மீனாட்சி கடல் கடந்து கோயில் கொண்டிருக்கும் ஊர் ஒன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ளது. ஹூஸ்டன் மாநகருக்குத் தெற்கே அமைந்த அவ்வூரின் பெயர் பியர்லாண்ட். பேரிக்காய் விளையும் நிலம் என்பது அதன் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இரயில் பாதையை ஒட்டித் தோன்றிய இவ்வூரில் பழத்தோட்டங்கள் செழித்திருந்தன. 1900-ஆம் ஆண்டு கால்வெஸ்டன் கடற்கரையைத் தாக்கிய பெரும் சூறாவளியில் அம்மரங்கள் பெரிதும் அழிந்தன. தோட்டங்கள் போயின, பெயர் மட்டும் நிலைத்தது.

கோயில் பிறந்த கதை

1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியது. அதன் பிறகு இந்தியாவிலிருந்து மருத்துவர்களும் பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் அந்நாட்டிற்குச் செல்லத் தொடங்கினர். எண்ணெய்த் தொழிலும் மருத்துவமனைகளும் விண்வெளி ஆய்வு மையமும் கொண்ட ஹூஸ்டன் வட்டாரம் அவர்களுள் பலரை ஈர்த்தது. வேலை கிடைத்தது; வீடு கிடைத்தது. ஆயினும் குழந்தைக்குக் காதுகுத்தவும் புதுக் காருக்குப் பூசை போடவும் ஒரு சந்நிதி இல்லாதது அவர்களுக்குப் பெருங்குறையாக இருந்தது. 1977-இல் நியூயார்க் நகரின் ஃபிளஷிங் பகுதியில் மகாவல்லப கணபதிக்குக் குடமுழுக்கு நடந்தேறியது. அக்காலத்தில்தான் ஹூஸ்டன் அன்பர்களும் தங்கள் பகுதியில் ஓர் ஆலயம் காண முனைந்தனர்.

மாநகருக்கு வெளியே, நிலம் மலிவாகக் கிடைத்த பியர்லாண்டை அவர்கள் தேர்ந்தனர். மரபுப்படி முதலில் விநாயகருக்கு 1979-இல் சிறிய கோயில் எழுந்தது. 1982-இல் பிரதான ஆலயத்தின் கும்பாபிஷேகம் நிறைவேறியது. அன்னை மீனாட்சி இங்கு மூலநாயகியாக அருள்பாலிக்கிறாள். சுந்தரேசுவரருக்கும் வேங்கடேசப் பெருமாளுக்கும் சந்நிதிகள் உள்ளன. சைவ வைணவ அன்பர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் வழிபட வேண்டிய அயல்நாட்டுச் சூழலுக்கு இவ்வமைப்பு பொருந்துகிறது. மீனாட்சியின் திருக்கல்யாணத்தில் தமையனான திருமால் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுத்தார் என்னும் ஐதிகத்தை அறிந்தவர்களுக்கு, பெருமாள் இங்கே உடனிருப்பதில் வியப்பேதும் இராது. தங்கை குடியேறிய ஊருக்குத் தமையனும் வந்திருக்கிறார்.

வளர்ந்த ஊர்

கோயில் கட்டத் தொடங்கிய காலத்தில் பியர்லாண்ட் ஒரு சிற்றூர். 1980-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் சுமார் 13,000 பேர். 2000-இல் அது ஏறத்தாழ 37,600 ஆயிற்று; 2010-இல் 91,000-ஐத் தாண்டியது; 2020-இல் 1,25,000-க்கும் மேற்பட்டது. நாற்பது ஆண்டுகளில் ஒன்பது மடங்கு வளர்ச்சி. இதே மாநிலத்தின் வடபகுதியில், டல்லஸ் நகரை அடுத்துள்ள ஃபிரிஸ்கோ 2000-இல் சுமார் 33,700 பேருடன் இருந்தது. இருபதே ஆண்டுகளில் இரண்டு இலட்சத்தைக் கடந்தது. நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய ஊர்களில்தான் வீடு வாங்குகின்றனர். "நீங்களும் இங்கேயே வந்துவிடுங்கள்" என்று பெற்றோரை அழைக்கும் தொலைபேசிக் குரல்களும் இவ்வூர்களிலிருந்தே வருகின்றன.

அவ்வழைப்பில் உண்மையான நன்மைகள் உண்டு. கலிபோர்னியாவிலோ நியூயார்க்கிலோ சிறு குடியிருப்புக்குக் கொடுக்கும் விலையில், இங்கே தோட்டத்துடன் கூடிய தனி வீடு கிடைக்கும். பெற்றோருக்கென்று ஒரு படுக்கையறையைத் தரைத்தளத்திலேயே ஒதுக்கலாம். பூசைக்குத் தனி அறையும் அமையும். டெக்சாஸ் மாநிலம் தன் பங்கிற்கு வருமான வரி வசூலிப்பதில்லை. பள்ளிகள் பெரும்பாலும் புதியவை. உலகின் மிகப்பெரிய மருத்துவ வளாகம் எனப்படும் டெக்சாஸ் மருத்துவ மையம் பியர்லாண்டிலிருந்து ஏறத்தாழ அரைமணிப் பயணத்தில் உள்ளது.

இன்னொரு நன்மை கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. வளரும் ஊரில் பெரும்பாலோர் புதியவர்கள். பரம்பரைப் பெருமை பேசி ஒதுக்குவோர் குறைவு. அடுத்த வீட்டுக்காரரும் நேற்று வந்தவராக இருப்பதால் அறிமுகம் எளிதாகிறது. கொலு வைத்தால் எதிர்வீட்டு மெக்சிகோ நாட்டுப் பெண்மணியும் வந்து பார்த்து, பொம்மைகளின் கதை கேட்டுச் செல்வாள்.

பகல் பொழுதின் நீளம்

ஆனால் தராசுக்கு இரண்டு தட்டுகள். மகன் வீட்டிற்கு வந்திருக்கும் ஒரு தாயின் ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். காலை எட்டு மணிக்குள் மகனும் மருமகளும் அலுவலகம் புறப்படுகின்றனர். பேரப்பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்து ஏற்றிக்கொள்கிறது. அதன்பின் மாலை வரை வீடு அமைதியாகிவிடும். பால்காரர் இல்லை, பூக்காரி இல்லை, கீரை விற்பவளின் குரல் இல்லை. தெருவில் கார்கள் உண்டு, நடப்பவர் இல்லை. மதுரைக்கோ மயிலாப்பூருக்கோ தொலைபேசியில் பேசலாம் என்றால், கோடையில் பத்தரை மணி நேரமும் குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேரமும் இந்தியா முந்தி இருக்கிறது. இங்கே நண்பகல் என்றால் அங்கே உறவினர் உறங்கும் நேரம்.

கோயில் ஐந்து கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கும். ஆயினும் அங்கே நகரப் பேருந்து செல்வதில்லை. பல சாலைகளில் நடைபாதை தொடர்ச்சியாக இருப்பதில்லை. நெடுஞ்சாலையைக் கடப்பதோ முதியவருக்கு ஆகாத காரியம். கைப்பேசி வழியே வாடகைக் கார் அழைக்கலாம். அதற்கு மொழியும் துணிவும் வேண்டும். கார் ஓட்டத் தெரியாத தாய்க்கு ஐந்து கிலோமீட்டரும் மதுரையும் ஒரே தொலைவுதான். ஊரில் இருந்தபோது நாள்தோறும் தரிசித்த அம்மனை, அம்மனின் ஊருக்கே வந்த பிறகு மகனுக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் தரிசிக்க நேர்கிறது.

வழிபாட்டு நாள்களிலும் மாற்றம் உண்டு. திதி உலகெங்கும் ஒரே கணத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் அக்கணத்தில் இங்கு மாலை என்றால் அங்கு காலை. இவற்றுடன் உள்ளூர்ச் சூரிய உதயமும் வேறுபடுவதால், ஏகாதசியும் பிரதோஷமும் சில மாதங்களில் நம் ஊர் நாட்காட்டியில் உள்ள தேதியில் அமைவதில்லை. அந்த ஊருக்கெனக் கணித்த பஞ்சாங்கத்தையே பின்பற்ற வேண்டும். பலரும் கூடுவதற்கு வசதியாகச் சில விழாக்கள் வார இறுதிக்குத் தள்ளி வைக்கப்படுவதும் அமெரிக்கக் கோயில்களில் வழக்கம். இதனைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. முன்னரே அறிந்திருந்தால் மனம் வருந்தாது.

வெயிலும் வெள்ளமும்

ஹூஸ்டன் வட்டாரத்துக் கோடை சென்னையின் கோடையை ஒத்தது. வெப்பம் முப்பத்தைந்து பாகையைத் தொடும். கடல் அருகில் இருப்பதால் புழுக்கமும் மிகுதி. மாலை நடை என்பது சூரியன் மறைந்த பிறகே இயலும். நிலம் சமதளமாக இருப்பதால் பெருமழையின்போது நீர் விரைந்து வடிவதில்லை. 2017 ஆகஸ்டில் வீசிய ஹார்வி சூறாவளியின்போது அவ்வட்டாரத்தின் பல இடங்களில் சில நாள்களுக்குள் ஒரு மீட்டருக்கும் மேல் மழை கொட்டியது; பல்லாயிரம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2021 பிப்ரவரியில் கடுங்குளிர் தாக்கியபோது மாநிலத்தின் மின் கட்டமைப்பு நிலைகுலைந்து, இலட்சக்கணக்கான வீடுகள் இருளிலும் குளிரிலும் ஆழ்ந்தன. விரைந்து வளரும் ஊரில் வயல்களும் புல்வெளிகளும் வீடுகளாகவும் சாலைகளாகவும் மாறும்போது, மழைநீர் மண்ணில் இறங்க இடம் குறைகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பணக் கணக்கிலும் மறுபக்கம் இருக்கிறது. வருமான வரி இல்லாத மாநிலம் சொத்து வரியில் அதனை ஈடுசெய்கிறது. புறநகர்களில் இவ்வரி ஆண்டுதோறும் வீட்டு மதிப்பின் இரண்டு சதவீதத்தை ஒட்டியும் அதற்கு மேலும் அமைகிறது. மருத்துவச் செலவு அதைவிடப் பெரிது. சுற்றுலா விசாவில் வரும் பெற்றோர் பொதுவாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி பெறுகின்றனர். அக்காலத்திற்கு வாங்கும் காப்பீட்டில் முன்பே உள்ள சர்க்கரை நோயும் இதய நோயும் பெரும்பாலும் முழுமையாக அடங்குவதில்லை. நிரந்தரக் குடியுரிமை அட்டை பெற்ற பெற்றோரும், அறுபத்தைந்து வயது நிறைந்து, ஐந்தாண்டுகள் தொடர்ந்து அந்நாட்டில் வாழ்ந்த பின்னரே முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டைக் கட்டணம் செலுத்திப் பெற இயலும். அதுவரை உள்ள இடைவெளியை எவ்வாறு நிரப்புவது என்பதைப் பிள்ளைகளும் பெற்றோரும் வெளிப்படையாகப் பேசிக்கொள்வது நலம்.

எதை அளவுகோலாகக் கொள்வது?

இரண்டு தட்டுகளையும் நோக்கினால் ஓர் உண்மை புலனாகிறது. நன்மைகளுள் பெரும்பாலானவை கார் ஓட்டத் தெரிந்தவர்க்கு உரியவை; குறைகளுள் பெரும்பாலானவை கார் ஓட்டத் தெரியாதவர்க்கு உரியவை. ஒரே வீட்டில் வாழும் மகனுக்கு விசாலமாகத் தோன்றும் ஊர், தாய்க்கு நான்கு சுவர்களாகச் சுருங்கிவிடுகிறது. மகன் அன்பற்றவன் என்பதில்லை. ஊர் அப்படி அமைந்திருக்கிறது. இதனை இருவரும் உணர்ந்தால் மனக்கசப்பு பாதி குறையும்.

ஆகவே வீட்டின் சதுர அடியைக் கேட்பதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கேட்க வேண்டும். யார் துணையும் இன்றி நடந்து சென்று சேரக்கூடிய இடம் ஒன்றேனும் உண்டா? நூலகம், பூங்கா, இன்னொரு தமிழ்க் குடும்பத்தின் வீடு, எதுவாயினும் சரி. வாரத்தில் எந்த நாளில், யார் கோயிலுக்கு அழைத்துச் செல்வார்? அருகிலுள்ள நான்கைந்து குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு தத்தம் வீட்டு முதியோரை ஒரே காரில் அழைத்துச் செல்ல இயலுமா? அமாவாசைத் தர்ப்பணத்திற்குப் புரோகிதர் கிடைப்பாரா? ஊரிலுள்ள வீட்டை விற்பதற்கு முன், ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் அங்கே தங்கிப் பார்த்தாயிற்றா? இக்கேள்விகளுக்கு நல்ல விடை கிடைத்தால் தயக்கமின்றிப் போகலாம். கிடைக்காவிட்டால் ஆண்டில் சில மாதங்கள் சென்று தங்கித் திரும்புவதே இருவருக்கும் நிம்மதி தரும்.

முதியோர் அங்கே வெறும் விருந்தினர் அல்லர் என்பதும் உண்மை. பள்ளியில் நாள் முழுதும் ஆங்கிலம் பேசும் பேரப்பிள்ளைக்குத் தமிழ் ஒலிக்கும் இடம் பெரும்பாலும் பாட்டியின் மடியே. விளக்கேற்றும் நேரமும், திருநீறு இட்டுக்கொள்ளும் வழக்கமும், மீன் போன்ற கண்ணால் உயிர்களைக் காக்கும் அன்னையின் கதையும் அக்குழந்தைக்கு வேறு யார் வழியாகச் சென்று சேரும்? பியர்லாண்டில் கோபுரம் கட்டியவர்கள் அன்று இளைஞர்களாக இருந்தனர். இன்று அவர்களே தாத்தா பாட்டி ஆகியிருக்கின்றனர். அடுத்த தலைமுறை அக்கோயிலுக்குள் உரிமையோடு நுழைய வேண்டுமானால், கைப்பிடித்து அழைத்துச் செல்லும் ஒரு முதிய கை வேண்டும். அந்த முதிய கையைக் கோயில் வரை கொண்டுவந்து சேர்க்க ஓர் இளைய கை வேண்டும்.

மதுரையில் அன்னை தேரேறி வீதிக்கு வருகிறாள். நடக்க இயலாதோரும் வாசலில் நின்று தரிசிக்கின்றனர். பியர்லாண்டின் நெடுஞ்சாலைகளில் அப்படி வாசல்தோறும் தேர் வருவதற்கில்லை. அங்கே பக்தரே அன்னையைத் தேடிச் செல்ல வேண்டும். தேர்வடம் பிடிப்பது புண்ணியம் என்று நம்மவர் போற்றுவர். வாரத்தில் ஒரு மாலையாவது அலுவலகம் விட்டு நேரே வீடு வந்து, வாசலில் காத்திருக்கும் தாயைக் காரில் ஏற்றிக்கொண்டு சந்நிதிக்கு அழைத்துச் செல்லும் மகனுக்கும் மகளுக்கும் அதே புண்ணியம் கிட்டும் என்பதில் ஐயமில்லை. கடம்பவனத்திலும் பேரித் தோட்டத்திலும் ஒருங்கே குடிகொண்ட அங்கயற்கண்ணி, அக்குடும்பங்களுக்கு எந்த ஊரிலும் துணையிருப்பாளாக.