மைனஸ் 35 ரூபாய்க்கு ஒரு வடை

"ரெண்டுமே தெரியாதப்போ ஒண்ணை மட்டும் எப்படி மாமா கண்டுபிடிக்கிறது?"

அக்கா பொண்ணு ஒன்பதாம் வகுப்பு. பத்து முடிச்சதும் கணக்கே இல்லாத குரூப்தான்னு இப்பவே முடிவு பண்ணியாச்சாம். காரணம், பிரதியிடல் முறை. மாறி, கெழு எல்லாம் மனப்பாடமா ஒப்பிக்கிறாள், கணக்கு மட்டும் வரலை. ஆனா அவள் கேட்ட கேள்வி இருக்கே, அதுதான் இந்தப் பாடத்தோட உயிர். அதுக்குப் பதில் சொல்லாம நேரா எக்ஸ், ஒய்னு ஆரம்பிச்சா புள்ளை ஓடத்தானே செய்யும்?

அதனால எக்ஸையும் ஒய்யையும் ஓரமா வெச்சுட்டு டீக்கடைக்குப் போனோம் (காகிதத்துலதாங்க!). ஒரு டீ, மூணு வடை 42 ரூபாய். நாலு டீ, அஞ்சு வடை 98 ரூபாய். எது என்ன விலை?

டீ விலை தெரியாது. ஆனா 42-ல மூணு வடைக்கான காசு போக மிச்சம்தான் டீ. அதாவது டீ = 42 - 3 வடை. இன்னும் தெரியாததுதான், ஆனா வடையை வெச்சுச் சொல்லிட்டோம்ல? ரெண்டாவது வரியில டீ இருக்கிற இடத்துல இதைப் போட்டா டீ காணாமப் போயிடும். வடை மட்டும் பாக்கி.

அம்மணி அதை முதல் வரியிலேயே கொண்டு போய்ப் போட்டாள். 42 = 42 என்று வந்து நின்றது. 'ஙே' என்று முழித்தாள். அந்த வரி சொன்னதை அதுகிட்டயே திருப்பிச் சொன்னா புதுசா என்ன கிடைக்கும்? மத்த வரியைத்தான் கேக்கணும்.

அடுத்து 168 - 3 வடை + 5 வடை = 98 என்று எழுதினாள். வடை விலை மைனஸ் 35! வடையும் குடுத்து 35 ரூபாயும் குடுக்கிற புண்ணியவான் எந்த ஊர்ல கடை வெச்சிருக்கான்? டீ மட்டும் 147 ரூபாயாம். சிரிச்சு முடிச்சப்புறம் அவளே கண்டுபிடிச்சாள்: அடைப்புக்குறிக்கு வெளியே நிக்கிற 4, 42-ஐ மட்டும் பெருக்கிட்டு வடையை விட்டுடுச்சு. 168 - 12 வடை + 5 வடை = 98. வடை 10, டீ 12. இதுவே ஒய் = -35 என்று வந்திருந்தா அடியில ரெண்டு கோடு போட்டுட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பாள்.

எல்லாத்துக்கும் இதே முறைதான்னு அடம் பிடிக்க மாட்டேன். எங்கேயாவது கெழு 1-ஆ இருந்தா இதுதான் சுகம். ரெண்டு டீ மூணு வடை, அஞ்சு டீ ஏழு வடைன்னா பின்னம் வந்து கழுத்தறுக்கும், நீக்கல் முறைக்கு ஓடிடலாம். குறுக்குப் பெருக்கல் பத்தி என்னைக் கேக்காதீங்க, எனக்கு ஆகாது.

கடைசியா ஒரு சீனக் கணக்கு குடுத்தேன். 'சுன்ஸி சுவான்ஜிங்' என்கிற ரொம்பப் பழைய நூல்ல வர்றது. ஒரே கூண்டுல காட்டுக்கோழியும் முயலும். தலை 35, கால் 94. முயல் = 35 - கோழி என்று நான் வாய் திறக்கும் முன்னாடியே எழுதிட்டாள். கோழி 23, முயல் 12. அடைப்புக்குறியையும் ஒழுங்கா பெருக்கியிருந்தாள்.

அந்த நூல் இவ்வளவு சுத்தறதில்லை. காலைப் பாதியாக்கு, 47. அதுல தலை 35-ஐக் கழி, முயல் 12. அவ்வளவுதான்.

"அது எப்படி மாமா சரியா வருது?" என்று பேப்பரை இழுத்து வெச்சுக்கிட்டு உக்கார்ந்துட்டாள். சோறு ஆறுதுன்னு அக்கா ரெண்டு தரம் கூப்பிட்டாச்சு.