இரண்டு நிமிஷத் தூக்கம்

புகார் எழுதும் வழக்கம் எனக்குக் கிடையாது. ரயிலில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் பேசாமல் அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறவன் நான். ஆனால் ஒரே ஒரு தடவை எழுதினேன். அதுவும் ஒரு நர்ஸின் பேரில்.

ஹெர்னியா ஆபரேஷன் ஆகி, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குத் தையல் போட்ட இடம் வலித்தது. மணியை அழுத்தினேன், யாரும் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்ப் பார்த்தால், நர்ஸ் அம்மாள் நோட்டின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கனைத்தேன். பதறி எழுந்து மாத்திரை கொடுத்தாள்.

காலையில், அபிப்பிராயம் கேட்டு ஓர் அட்டை வந்தது. "இரவு நர்ஸ் தூங்குகிறார்" என்று எழிதிக் கொடுத்தேன். மூன்றே சொற்கள். என் நாவல்களில் இவ்வளவு சிக்கனம் வந்ததே இல்லை!

மறுநாள் இரவு வேறொரு பெண் வந்தாள். முந்தின நாள் ஸிஸ்டர் எங்கே என்று கேட்டேன்.

"அவங்க காலையிலே எட்டு மணிக்கு வந்தவங்க சார். ராத்திரிக்கு வரவேண்டியவங்க வரலே. அவங்களையே இருக்கச் சொல்லிட்டாங்க. யாரோ எழுதிக் கொடுத்துட்டாங்களாம், ஒரு நாள் சம்பளம் போச்சு."

நான் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

பதினெட்டு மணி நேரம். அந்த வார்டில் 22 கட்டில்கள், இரவில் இரண்டு நர்ஸ்கள். சாதாரண ஆஸ்பத்திரி வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த கணக்கு. 2016-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி அமைந்த கமிட்டி, 50 கட்டிலுக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரி கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்கவேண்டும் என்றது. 200 கட்டிலுக்கு மேற்பட்டவை சர்க்கார் சம்பளமே கொடுக்கவேண்டுமாம். சிபாரிசு வேறு, சம்பளக் கவர் வேறு. உங்களுக்கு எவ்வளவு என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே தெர்மாமீட்டரை என் வாயில் வைத்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் அந்த அம்மாளே வந்தாள். "இந்த வேலை பிடிக்கிறதா, ஸிஸ்டர்?" என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"ஒன்பதாம் நம்பர் தாத்தாவைப் பாருங்க. பத்து நாளா ட்யூப் வழியாத்தான் ஆகாரம். இன்னிக்குத் தானே டம்ளரைப் பிடிச்சுக் கஞ்சி குடிச்சார். இதைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போனா, குழந்தை தூங்கியிருந்தாக்கூட வருத்தமா இருக்காது." சற்று நின்று, "இருக்கும் சார்" என்றாள்.

அட்டையை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும் சார். உங்க கட்டில் நம்பர் போட்டிருந்ததே" என்று சொல்லிக்கொண்டே கட்டை மாற்றினாள். கையில் கொஞ்சமும் அழுத்தம் கூடவில்லை.

டிஸ்சார்ஜ் ஆன அன்று சூப்பரின்டெண்டுக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா வாங்கி மேஜை அறைக்குள் போட்டார். பிடித்த சம்பளம் திரும்பி வந்ததா என்று கேட்க, தையல் பிரிக்கப் போன அன்று வார்டுக்குப் போனேன். அவள் பகல் டியூட்டி முடிந்து போய்விட்டாள் என்றார்கள். மணி ஐந்துதான் ஆகியிருந்தது. அன்றைக்காவது குழந்தை விழித்திருந்திருக்கும்.