வேலியோரத்தில் ஒரு சொல்

சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பினோம் என்று தெரிந்தவுடன், ஊரில் கண்டவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "என்ன வாங்கி வந்தீர்கள்?" என்பதுதான். தைலப் புட்டிகள் அரை டஜனும், குழந்தைகளுக்கு மிட்டாய்ப் பொட்டலங்களும் வாங்கி வந்தது உண்மையே. ஆனால் அந்நகரத்துக்குத் தெற்கே கடலில் கிடக்கும் ஒரு சிறு தீவிலிருந்து, விலை கொடுக்காமலே ஒரு பொருளைச் சுமந்து வந்திருக்கிறோம். சுங்க அதிகாரிகள் கண்ணில் அது படவில்லை. வாசகர்கள் முன்னிலையில் அதை இறக்கி வைப்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

2024-ஆம் ஆண்டு மே மாதக் கோடை விடுமுறையில் நாங்கள் புறப்பட்டோம். கோஷ்டியில் மொத்தம் ஆறு பேர். 77 வயது நிரம்பிய எங்கள் தாயார், இல்லாள், எட்டாம் வகுப்புப் படிக்கும் புதல்வி, எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு ஆசிரியர், அவருடைய மனைவியார் ஆகிய ஐவரோடு, இந்தப் பேனாவைப் பிடித்திருப்பவரையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். கணக்கு ஆசிரியரை அழைத்துப் போனது எவ்வளவு பெரிய பிசகு என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஒரு குவளைக் காப்பியை வாயருகில் கொண்டு போவதற்குள், "ரூபாய்க் கணக்கில் இது எவ்வளவு தெரியுமா?" என்று அவர் கேட்பார். அதன் பிறகு காப்பி எப்படி உள்ளே இறங்கும்?

இந்தப் பிரயாணத்துக்குக் காரணம் எங்கள் தாயார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, 1949-ல், அவருடைய தந்தையார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் ஊர் திரும்பினார். தகப்பனாரின் முகத்தைத் தாயார் நினைவு தெரிந்து பார்த்தது அப்பொழுதுதான். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றிப் பாட்டனார் அதிகமாகப் பேசியதில்லை. "அந்த ஊரை நான் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்" என்று தாயார் பல காலமாகச் சொல்லி வந்தார். முழங்கால் வலி முற்றுவதற்குள் போய்விடுவதென்று தீர்மானித்தோம்.

பாட்டனார் போன கப்பலின் பெயர் 'ரஜூலா'. டெல்டா ஜில்லாக்களில் இந்தப் பெயரைக் கேட்டிராத பழைய குடும்பம் இராது. 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னையையும் நாகையையும் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளோடு இணைத்து, 1970-களின் தொடக்கம் வரையில் ஓடியது. திறந்த தட்டில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்து, ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் கிடக்கவேண்டும். நாங்களோ சென்னையில் ஆகாய விமானம் ஏறி, சற்றேறக்குறைய நான்கு மணி நேரத்தில் இறங்கிவிட்டோம். விரல் ரேகையைப் பதிவு செய்துகொண்டு, சில நிமிஷங்களில் எங்களை ஊருக்குள் விட்டுவிட்டார்கள். தாயார் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவுதானா? வேறு எங்கேயும் நிற்கவேண்டாமா?" என்றார். அந்தக் கேள்வியின் பொருள் அன்று எங்களுக்கு விளங்கவில்லை.

முதல் இரண்டு நாட்களும் நகரத்தைச் சுற்றினோம். ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்றாகத் தமிழையும் வைத்திருக்கும் நாடு அது. அறிவிப்புப் பலகைகளில் தமிழெழுத்தைக் கண்ட போதெல்லாம் தாயார் உரக்கப் படித்தார். சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள மாரியம்மன் கோயிலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். 1819-ல் ராபிள்ஸ் துரையோடு கப்பலில் வந்த நாராயண பிள்ளை என்பவர் 1827-ல் நிறுவிய கோயில் அது. ஊர் தோன்றி எட்டே ஆண்டுகளில் அம்மனும் வந்துவிட்டாள்!

கடற்கரையை ஒட்டிய எஸ்பிளனேட் பூங்காவில், இந்திய தேசிய ராணுவத்தின் நினைவிடத்தைத் தேடிப் போனோம். 1943-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தைப் பிரகடனம் செய்தது இந்த நகரத்தில்தான். உயிர் நீத்த வீரர்களுக்காக 1945 ஜூலையில் அவர் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, அவ்வாண்டே திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினார்கள். அது நின்ற இடத்தைக் குறிக்கும் பலகையை 1995-ல் வைத்திருக்கிறார்கள். ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்களும் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள் என்று புதல்விக்குச் சொன்னோம். அவள் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

அன்றிரவு தாயார் மெள்ள ஒரு விஷயத்தைச் சொன்னார். "தம்பி, இந்த ஊருக்கு எதிரே ஒரு தீவு இருக்கிறதாம். கப்பலை விட்டு இறக்கி அப்பாவை முதலில் அங்கேதான் வைத்திருந்தார்கள். அங்கே போக முடியுமா?"

போக முடியும் என்று விசாரித்து அறிந்தோம். செயிண்ட் ஜான்ஸ் தீவு என்பது அதன் பெயர். மலாய் மொழியில் 'சக்கிஜாங்' என்று வழங்கியதைத்தான் ஆங்கிலேயர் 'செயிண்ட் ஜான்' ஆக்கிவிட்டார்கள் என்பார்கள். மூன்றாம் நாள் காலையில் மரினா சவுத் படகுத்துறையிலிருந்து புறப்பட்டோம். தீவில் உணவுக் கடை இல்லை என்று கேள்விப்பட்டதால், இல்லாள் விடியற்காலையிலேயே எழுந்து புளியோதரை கிளறி எடுத்து வந்தார். கணக்கு ஆசிரியர் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் ரூபாய்க் கணக்குப் பார்க்கவில்லை.

தீவு நகரத்துக்குச் சுமார் 6.5 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. 1819 ஜனவரி 28-ந் தேதி ராபிள்ஸின் கப்பல்கள் முதலில் நங்கூரமிட்டது இதன் அருகில்தான். மறுநாள்தான் அவர் சிங்கப்பூர் மண்ணில் கால் வைத்தார். 1873-ல் நகரத்தில் வாந்திபேதி பரவிப் பலர் மாண்டார்கள். அதன் விளைவாக, மறு ஆண்டே இத்தீவில் குவாரண்டைன் நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். சீனத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்களும், மக்கா யாத்திரை முடித்துத் திரும்பியவர்களும் இங்கே தங்கி, நோயில்லை என்று தெரிந்த பிறகே நகரத்துக்குள் போகலாம். திறந்த தட்டில் வந்த 'டெக்' பிரயாணிகளுக்கே பெரும்பாலும் இந்த வாசம். பிற்காலத்தில் அரசியல் கைதிகளையும் இத்தீவில் வைத்தார்கள். 1955 முதல் அபினிப் பழக்கத்துக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள். இன்று அது விடுமுறை நாளில் ஜனங்கள் உல்லாசமாகப் பொழுது போக்கும் இடம்.

படகை விட்டு இறங்கியதும் எங்களை வரவேற்றவை பூனைகள். ஒன்றல்ல, இரண்டல்ல, வழியெல்லாம் பூனைகள். புதல்விக்கு அதற்கு மேல் தீவில் பார்க்க வேண்டியது ஒன்றும் இல்லாமல் போயிற்று. பெரிய மரங்களின் நிழலில் நல்ல பாதை போட்டிருக்கிறார்கள். கரையோரமாகத் தெளிந்த நீர். ஒரு பக்கத்தில் கம்பி வேலிக்குப் பின்னால் நீண்ட பழைய கொட்டகைகள் தெரிந்தன. தாயார் அங்கே நின்றுவிட்டார்.

நேர் வடக்கே, கடலுக்கு அப்பால், சிங்கப்பூரின் மாடமாளிகைகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல் இருந்தது.

"அப்பா இதைத்தான் சொன்னார்" என்றார் தாயார். "ராத்திரியானால் அந்தக் கரையிலே விளக்குகள் தெரியுமாம். கரை தெரிகிறது, போக முடியவில்லை. கட்டியிருந்த துணியைக்கூட ஆவியிலே போட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்து நாள். அவருக்கு வயது இருபத்து நாலு. இரண்டாம் நாள் வேலியோரத்தில் நின்று அழுதிருக்கிறார். ஒரு மலாய்க்காரக் கிழவர், அங்கே காவல்காரர், கவனித்துக்கொண்டே இருந்தாராம். ஒரு மரப்பெட்டியைக் காலால் நகர்த்தி, 'டுடோக்' என்றாராம். பாஷை தெரியவில்லை. கையைக் காட்டியதும்தான் புரிந்ததாம், 'உட்கார்' என்று."

எங்களுக்கு மெய் சிலிர்த்தது. அந்தச் சொல் எங்களுக்குப் புதிதல்ல. பாட்டனாரின் கடைசிக் காலத்தில், வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும், தபால்காரரானாலும், பழைய பாத்திரம் வாங்குகிறவரானாலும், பிச்சைக்காரரே ஆனாலும், திண்ணையைத் தட்டி, "டுடோக், டுடோக்" என்பார். சிறுபிள்ளைகளான நாங்கள் அது கிழவரின் விளையாட்டுப் பேச்சு என்று எண்ணிக் கேலி செய்திருக்கிறோம். அந்நிய நாட்டில் அவர் கற்ற முதல் வார்த்தை அது என்பது, வேலியின் முன் நின்ற அந்த நிமிஷம் வரையில் எங்களுக்குத் தெரியாது.

கணக்கு ஆசிரியர் எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம். இருவர் மனமும் ஒரே இடத்துக்குப் போயிருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

2020-ஆம் ஆண்டு மே மாதம், கொரோனா நோய்க் காலம். கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களை எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். வாசலில் பதிவேடு எழுதும் பொறுப்பு எங்கள் இருவருக்கும். ஒரு நாள் நடுப்பகலில், சந்தையில் மூட்டை தூக்கிய ஓர் இளைஞனின் தாய், தூக்குப் பாத்திரத்தில் சோறு கொண்டு வந்து இரும்புக் கதவருகில் வைத்தாள். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்பது விதி. விதி நியாயமானதுதான், ஊரைக் காப்பாற்ற ஏற்பட்டது. ஆனால் எங்களில் ஒருவர், கையில் இருந்த கழியின் நுனியால் அந்தப் பாத்திரத்தை அப்பால் தள்ளி, "தள்ளி நில்! தள்ளி நில்!" என்று கூவினார். யார் அவர் என்பதை மறைப்பானேன்? இக்கட்டுரையை எழுதும் கைதான் அந்தக் கழியைப் பிடித்திருந்தது. அந்த அம்மாள் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றாள். உள்ளே வராந்தாவில் மகன் நின்றான். எங்கள் மேஜையருகே இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஒன்றை வேப்பமரத்தடிக்கு நகர்த்தி, "உட்காருங்கள் அம்மா" என்று சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை.

1949-ல் அந்தக் காவல்காரக் கிழவரும் வேலியைத் திறந்துவிடவில்லை. திறக்க அவருக்கு அதிகாரமும் இல்லை. திறந்திருந்தால் அது தவறாகவும் இருந்திருக்கலாம். அவர் செய்தது ஒரு பெட்டியை நகர்த்தியது மட்டும். எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் சொல் எங்கள் குடும்பத்தில் உயிரோடு இருக்கிறது. எங்கள் சொல் அந்த அம்மாளின் வீட்டில் எப்படி இருக்குமோ?

புளியோதரையை மரத்தடியில் பிரித்தோம். யாரும் அதிகம் பேசவில்லை. தாயார் முதல் கவளத்தை ஒரு இலைத்துண்டில் எடுத்து வேலியருகே வைத்தார். அது காக்கைக்கோ பாட்டனாருக்கோ என்று நாங்கள் கேட்கவில்லை. பூனைகள் அதை எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

அங்கிருந்து படகு எங்களைக் குசுத் தீவுக்குக் கொண்டு சென்றது. குசு என்றால் சீனர் பேச்சில் ஆமைத் தீவு. கப்பல் உடைந்து தத்தளித்த மலாய்க்காரர் ஒருவரையும் சீனர் ஒருவரையும் காப்பாற்ற, ஒரு பெரிய ஆமை தன்னையே தீவாக மாற்றிக்கொண்டது என்பது கதை. கரையில் சீனர் வணங்கும் கோயிலும், குன்றின்மேல் மூன்று முஸ்லிம் பெரியார்களின் சமாதிகளும் இருக்கின்றன. சமாதிகளை 2022 ஏப்ரலில் தீ சேதப்படுத்திவிட்டது. 152 படிகள் ஏறத் தாயாரால் முடியாதாகையால் அடிவாரத்திலேயே இருந்தோம். புதல்வி கதையைக் கேட்டுவிட்டு, "அப்பாயி, அந்த ஆமை அவர்களை எத்தனை நாள் காக்க வைத்தது?" என்றாள். தாயார் சிரித்துவிட்டார். அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மாலையில் நகரத்துக்குத் திரும்பினோம். படகு கரையை நெருங்கும்போது விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டன. தாயார் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்து சேர்ந்தாயிற்று" என்றார்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, ஒரு தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு நாங்களும் கணக்கு ஆசிரியரும் அந்த அம்மாளின் வீட்டைத் தேடிச் சென்றோம். மகன் திருப்பூரில் வேலைக்குப் போயிருந்தான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள், வாசலில் போய் நின்றதும் மறந்துவிட்டன. அம்மாள் எங்களை அடையாளம் கண்டுகொண்டாள். ஒரு கணம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டு வந்து, முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"ஏன் சார் வெயிலிலே நிக்கிறீங்க? உள்ளே வந்து உட்காருங்க" என்றாள்.

நாங்கள் உட்கார்ந்தோம்.