கண் சிமிட்டும் விளக்கு

எதை எழுதத் தொடங்கினாலும் உச்சியில் பிள்ளையார் சுழி போடுவது நம்மவர் வழக்கம். அது பக்தி என்பார்கள். ஏட்டையும் எழுத்தாணியையும் சோதித்துப் பார்க்கும் உபாயம் என்பாரும் உண்டு. அண்மையில் நான் இரண்டாவது கட்சியில் சேர்ந்துவிட்டேன். சேர்த்துவிட்டவள், பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகள்.

போன வருஷம் ஓர் இரவு என் அம்மா இருட்டில் ஸ்விட்சைத் தேடித் தடுமாறி விழுந்தாள். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. பாட்டி கட்டிலை விட்டு இறங்கியதும் தானே எரியும் விளக்கு ஒன்று செய்வதென்று பேத்தி கங்கணம் கட்டிக்கொண்டாள். 'ஆர்டுயினோ ஊனோ' என்ற பலகையை வாங்கி வந்தாள்.

ஆர்டுயினோ என்பவன் 1002-இல் இத்தாலிக்கு அரசனானவன். இவ்ரெயா என்ற ஊரில் அவன் பெயரால் ஒரு மதுக்கடை இருந்தது. 2005-இல் அவ்வூரில் இந்தப் பலகையின் முதல் வடிவத்தை உருவாக்கியவர்கள் அந்தக் கடைக்குப் போகிறவர்கள். அரசன் பெயர் கடை வழியாகப் பலகைக்கு வந்து சேர்ந்தது!

பலகையில் மைக்ரோகண்ட்ரோலர் என்ற கறுப்புச் சில்லு இருக்கிறது. புரோகிராம் தங்க 32 கிலோபைட் இடம். நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பு. இத்தனை இருந்தும் அவள் பாட்டியின் விளக்கைத் தொடவில்லை. பலகையில் பதித்திருந்த கடுகளவு எல்.இ.டி.யை ஒரு நொடி எரியவும், ஒரு நொடி அணையவும் வைத்தாள்.

"விட்டு விட்டு எரிவானேன்? ஒரேயடியாக எரியட்டுமே" என்றேன்.

"ஒரேயடியாக எரிந்தால் மின்சாரம் வந்திருக்கிறது என்றுதான் தெரியும், மாமா. சிமிட்டினால்தான் நான் சொன்னதை அது கேட்கிறது என்று தெரியும்."

கம்ப்யூட்டர், கேபிள், புரோகிராம், சில்லின் கடிகாரம் எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் அந்தத் தாளம் பிசகாமல் வருமாம். அதிலும் அவளுக்குத் திருப்தியில்லை. சில பலகைகள் கடையிலிருந்து வரும்போதே சிமிட்டிக்கொண்டு வருவதுண்டு. அது தன் சொல்லுக்குத்தான் பணிகிறதா? மில்லி நொடிக் கணக்கில் 1000 என்றிருந்ததை 200 ஆக்கினாள். விளக்கு படபடவென்று இமைத்தது. அதன் பிறகே சிரித்தாள்.

பாட்டியின் விளக்கு இரண்டு வாரத்தில் தயாராயிற்று. முதல் நாள் அது எரியவில்லை. பலகைமேல் சந்தேகம் இல்லாததால் நேரே கம்பிகளைச் சோதித்தாள்; ஐந்து நிமிஷத்தில் கோளாறு அகப்பட்டது.

எனக்கு நண்பர் ஒருவர் இருக்கிறார். நான் எந்தக் கதையைக் கொடுத்தாலும் "பேஷ்!" என்பார். அருமையான மனிதர், ஆனால் அவர் அணையாமல் எரியும் விளக்கு. அவரிடம் மின்சாரம் இருப்பது தெரிகிறது, என் கதை போய்ச் சேர்ந்ததா என்பது தெரிவதில்லை. "இந்த இடம் சரி, அந்த இடம் சப்பென்றிருக்கிறது" என்று சிமிட்டிக் காட்டும் வாசகர் ஒருவர் கிடைத்தால், அவரை நான் விடப்போவதில்லை.