ஊதாக் கோடுகள்

யந்திரம் ஒன்று பழுதடைவது பெரிய செய்தியன்று. ஆனால், அது யாருடைய முகத்தின் முன்னே, எந்த நாளில் பழுதடைந்தது என்பது சில வேளைகளில் ஒரு சமூகத்தின் கதையாகிவிடுகிறது. என்னிடமிருந்த பழைய டிஜிட்டல் கமெராவைப் பற்றி எழுத முற்படுவதற்கு அதுவே காரணம்.

கண்டி நகருக்குத் தெற்கே, கலஹாவை அடுத்த தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் அப்போது ஆசிரியனாக இருந்தேன். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட லூல்கந்துரைத் தோட்டம் அந்த மலைப்பக்கத்திலேதான் இருக்கிறது. டெயிலரின் தாடி வளர்ந்த முகம் சரித்திர நூல்களில் இருக்கிறது. கொழுந்து பறித்தவர்களின் முகங்கள் எங்கே? இந்தக் கேள்வி உறுத்தியதனாலேயே 2004இல் சம்பளத்தில் மிச்சம்பிடித்து ஒரு கமெரா வாங்கினேன். 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் அதற்கு முந்திய ஆண்டில்தான் நிறைவேறியிருந்தது. நாடற்றவர்களாகவே முதுமை எய்தியோரின் முகங்களை லயம் லயமாகச் சென்று படம் பிடித்தேன்.

2009 ஒக்டோபர் மழைக்காலத்தில் ஒரு மூதாட்டி என்னை அழைத்தாள்.

“அடையாள அட்டைக்குப் புடிச்ச படத்துல பயந்துபோய் நிக்கிறேன் மாஸ்டர். சிரிச்ச மாதிரி ஒண்ணு புடிச்சுக் குடுங்க.”

லயத்து இஸ்தோப்பில் அவளை அமரவைத்துப் பொத்தானை அழுத்தினேன். சிறு திரையில் ஊதாக் கோடுகள் குறுக்கே ஓடிய ஒரு நிழலுருவமே தெரிந்தது. மறுபடியும் அழுத்தினேன், முழு இருள். முன்பு எடுத்த படங்களோ அதே திரையில் மாசின்றித் தெரிந்தன. “திருத்திக்கிட்டு வாரேன் பாட்டி” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

நகரத்து விற்பனை நிலையமொன்றில் கமெராவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “மாதிரி பழசு, உதிரிப்பாகம் வராது, புதிது வாங்குங்கள்” என்றார்கள். ஐந்து வருஷம் உழைத்த பொருளுக்கு அவர்கள் வழங்கிய மரண அத்தாட்சி அது.

கொட்டுகொடெல்ல வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், கைக்கடிகாரமும் வானொலியும் திருத்தும் நாநா ஒருவர் இருந்தார். அவர் முதலில் செய்த காரியம், பிளாஷ் விளக்குக்குரிய மின்தேக்கியின் மின்சாரத்தை வடித்துவிட்டதுதான். கையளவுப் பெட்டிக்குள் ஏறத்தாழ 300 வோல்ற் ஒளிந்திருக்கும். பிறகு வில்லையையும் மூடியையும் சோதித்துவிட்டுச் சொன்னார்:

“கண்ணு தொறந்துதான் ஈக்கிது சேர். பார்வதான் பெய்த்து.”

பார்வை என்று அவர் சொன்னது சென்சர் எனப்படும் ஒளியுணரியை. என் கமெராவில் இருந்தது சிசிடி வகை. ஒளி விழுந்த ஒவ்வொரு புள்ளியிலும் சேரும் மின்னேற்றத்தை அது வரிசை வரிசையாக நகர்த்தி, ஓர் ஓரத்திலே அளக்கிறது. மலையெங்கும் பறித்த கொழுந்து, கூடை கூடையாக நிறுவைத் தராசுக்கு வந்து சேருவதைப் போன்ற ஏற்பாடு. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் இதை உருவாக்கிய பொயில், ஸ்மித் ஆகிய இருவருக்கும் நொபெல் பரிசு அறிவிக்கப்பட்டதும் அதே 2009 ஒக்டோபரில்தான். தராசுக்குச் செல்லும் பாதை துண்டிக்கப்பட்டால், கொழுந்து மலைபோற் குவிந்தும் பயனில்லை.

இத்தகைய கேடு புதியதன்று. 2005ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கனன், நிக்கொன், ஃபுஜி முதலிய நிறுவனங்கள், தாம் முந்திய ஆண்டுகளில் விற்ற பல மாதிரிகளில் சோனி தயாரித்த சிசிடி பழுதடையக் கூடுமென்று அறிவித்தன. உள்ளேயிருக்கும் நுண்ணிய கம்பி இணைப்பு விட்டுப்போவதே காரணமென்றும், சூடும் ஈரமும் மிகுந்த சூழலில் அது நேருமென்றும் கூறி, உத்தரவாதக் காலம் கடந்தவற்றையும் இலவசமாகத் திருத்தித்தர முன்வந்தன. நல்ல காரியந்தான். ஆனால், சூடும் ஈரமும் எமக்கு விசேஷச் சூழலா? அவை எமது அன்றாட வாழ்வல்லவா? என் கமெராவைப் பீடித்தது அந்த நோய்தானா, உட்புகுந்த மழைநீரா என்று நாநா தீர்ப்புக் கூறவில்லை. எந்த நிறுவனத்தின் பெயரையும் அவர் பழிக்கவுமில்லை. “அதே மாதிரியில, கண்ணு ஒடஞ்ச கமெரா ஒண்டு கெடச்சா மாத்தலாம்” என்றார்.

அத்தகைய ஒன்று கிடைக்க ஆறு வாரங்கள் சென்றன. வில்லை நொறுங்கிய கமெராவின் உணரியை எடுத்து, வில்லை நன்றாயிருந்த என் கமெராவில் பொருத்தினார். நாடா போன்ற மெல்லிய இணைப்பைச் செருகும்போது அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார். மருத்துவர் என்று யாரும் அழைக்காத மருத்துவர்! அவர் கேட்ட கூலி, புதிய கமெராவின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

மறுநாளே லயத்துக்குப் போனேன். பாட்டி இறந்து ஒன்பது நாட்களாகியிருந்தன.

பேரன் கேட்டான்: “அந்தக் கோடு போட்ட படம் இருக்குமே சேர், கோட்ட மட்டும் அழிச்சுத் தர முடியாதா?”

முடியாது. கோடுகளுக்குப் பின்னால் முகம் ஒளிந்திருக்கவில்லை. அவ்விடத்தில் உணரி எதையுமே பதியவில்லை. யந்திரத்தைத் திருத்தலாம், பதியாமற் போன கணத்தை எந்த நாநாவாலும் திருத்த இயலாது. அந்தப் படத்தையே அச்சிட்டுக் கொடுத்தேன். அவர்கள் அதற்குக் கண்ணாடி போட்டு மாலையிட்டார்கள்.

பதிவு என்பது வசதிபடைத்தோரின் பொழுதுபோக்கு என எண்ணுவோர் எம்மிடையே உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தைவழியினர் இந்நாட்டில் பிறந்தமைக்குச் சான்று கேட்டபோது, எழுதிவைக்கப்படாத பிறப்புகளே இலட்சக்கணக்கான தோட்ட மக்களின் கழுத்தை நெரித்தன. ஏழையின் கையிலுள்ள பொருளைத் திருத்த மறுப்பது அவனது பணத்தை மட்டும் பறிப்பதன்று; அவனது சான்றையும் பறிப்பதாகும். திருத்தும் உரிமைக்காக 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்ட ஆணை பிறப்பித்தது. அதைக் கைத்தொழில் தர்மமாகவே காத்துவரும் எங்கள் சந்துகளின் நாநாக்களுக்கு எந்தச் சட்டம் துணைநிற்கிறது?

அந்தக் கமெராவை இன்னும் வைத்திருக்கிறேன். என் மாணவர்களுக்கு அதைத் திறக்கவும் மூடவும் கற்பித்திருக்கிறேன். எடுக்கும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயரையும் பிறந்த ஊரையும் ஆண்டையும் எழுதுமாறு அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். மழை வருமுன்னரே எழுதிவிடுமாறும் சொல்லியிருக்கிறேன்.