பிஸ்மி மட்டும் போதுமா?

டிசம்பர் லீவுக்கு லூசியானாவில் இருக்கும் மகனிடம் போயிருந்தோம். "வாப்பா, பக்கத்து டெக்ஸாஸுக்கு மான் வேட்டைக்குப் போவமா?" என்றான். துவக்கும் வாகனமும் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தோம்.

இருவருமாக உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். லைசன்ஸ் டெக்ஸாஸ்காரருக்கு 25 டொலர், வெளி மாநிலத்தவருக்கு 315. 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சி வேறு. விசிட் விசாவில் வந்த நாங்கள் துவக்கைத் தொடுவதற்கே வேட்டை லைசன்ஸ் வேண்டும். அங்கு நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தனியாருடையது. சொந்தக்காரர் அனுமதிக்காமல் கால் வைக்க முடியாது. மான் விழுந்த உடனே லைசன்ஸோடு வரும் சீட்டையும் அதில் கட்ட வேண்டுமாம்.

செலவைப் பார்த்துத் திட்டத்தைக் கைவிட்டோம். மனம் மட்டும் ஊருக்குப் போனது.

எங்கள் நாட்டில் மான் சுடுவதே குற்றம். ஆனாலும் இரவில் பையில் வரும் இறைச்சியை எத்தனையோ முறை வாங்கிச் சமைத்திருக்கிறோம். "பிஸ்மி சொல்லித்தானே அறுத்தது?" என்று மட்டும் கேட்போம். யாருடைய காடு, யார் அனுமதித்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு அமானிதம் பற்றிப் பாடம் நடத்துவதும் நாங்கள்தான்.

ஊர் வந்த இரண்டாம் வாரம் பை வந்தது. வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டோம்.